ஒரே ஈட்டில் 48 இட்லி: கொடைக்கானலுக்குத் தூக்கிப் போன கொப்பரை

பெரிய கூட்டமாகச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் காலைப் பலகாரம் பற்றி யோசிக்கும்போது பதார்த்தத்திலிருந்து தொடங்குகிறார்கள். பாத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு இப்போது ஓர் ஆதாரமும் கிடைத்துவிட்டது: மதுரை மாசி வீதியை ஒட்டிய ஒரு பாத்திரக்கடையில் வாங்கிய அலுமினிய இட்லிக் கொப்பரை. நான்கு தட்டு, தட்டுக்குப் பன்னிரண்டு குழி. ஓர் ஈடு எடுத்தால் 48 இட்லி. கோடை விடுமுறையில் இதைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய், வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறையில் 23 பேருக்கு ஆக்கிப்போட்ட பிறகு எழுதுகிறேன். பெரியவர்கள் 14, பிள்ளைகள் ஒன்பது. பிள்ளைகளில் மூத்ததற்கு வயது 13, கடைக்குட்டிக்கு மூன்று.

இது நிறுவனப் பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டியில் வருகிற சரக்கு அல்ல. தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லி, கேட்டால் விளிம்பில் பெயரும் வெட்டிக் கொடுக்கிற பழைய முறைக் கடையில் எடுத்தது. ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூட நின்றது. மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. எவர்சில்வரில் இதே அளவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். விலையை மட்டும் பார்த்து அலுமினியத்தை எடுத்துவிடவில்லை. அலுமினியம் சூட்டைச் சட்டென்று வாங்கி எல்லாப் பக்கமும் பரப்பும். அடி மெலிந்த எவர்சில்வரில் நெருப்புப் படுகிற இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்க, ஓரம் சும்மா இருக்கும். புளிப்புப் பட்டால் அலுமினியம் ஆகாது என்பார்கள், சரிதான். ஆனால் கொப்பரைக்குள் கொதிப்பது வெறும் தண்ணீர். மாவு தொடுகிற இடம் தட்டுதான். ஆகவே தட்டுகளை மட்டும் எவர்சில்வரில் மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்து, வித்தியாசத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். உள்பக்கம் உப்புத் தண்ணீரால் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு பழைய புளியைப் போட்டுவிடுகிறேன், அதோடு சரி.

மூடிதான் இந்தப் பாத்திரத்தின் உயிர்நாடி. தட்டை மூடியாக இருந்தால் ஆவி மேலே போய் முட்டி, நீராகி, நேரே இட்லியின் தலையில் சொட்டும். மேல்தட்டு இட்லி மட்டும் அம்மை வார்த்த முகம்போல் குழிகுழியாக வரும். இதன் மூடி கோபுரமாக உயர்ந்திருக்கிறது. நீர் வளைவிலேயே வழிந்து ஓரத்தில் இறங்கிவிடுகிறது. பிடியை முடுக்கிய ஆணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதைக் கடையிலேயே பார்த்துவிட்டு, இங்கே சொட்டுமே என்று முதலில் தயங்கினேன். ஆனால் ஆணிக்கு நேர்கீழே நிற்பது தட்டுகளைக் கோத்த நடுத்தண்டு. சொட்டுகிற சொட்டெல்லாம் தண்டில் விழுந்து அப்படியே கீழே போய்விடுகிறது. வடிவமைத்தவர் யோசித்துச் செய்தாரோ, தற்செயலோ, புண்ணியவான். நீங்கள் வாங்கும்போது மூடியைக் கவிழ்த்து உள்பக்கம் விரலை ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் பள்ளம் தட்டுப்பட்டால் வேறு மூடி கேளுங்கள்.

இனி குறை. முதல் குறை, சுற்றளவு. விட்டம் ஒன்றேகால் அடி. வீட்டில் வைத்திருக்கும் இரண்டு பர்னர் அடுப்பின் ஒரு கண்ணில் இதை ஏற்றினால் மற்றக் கண்ணின் பாதியை மறைத்துவிடும். பக்கத்தில் பால் சட்டி வைக்கலாம், சாம்பார்ச் சட்டி வைக்க முடியாது. கொடைக்கானல் வீட்டு அடுப்பும் இந்த ரகம்தான். ஆகவே சமையல் வரிசையே மாறிப்போகிறது: முதலில் குக்கரில் சாம்பார், அதை ஹாட்பாக்கில் ஊற்றி மூடியாயிற்று என்ற பிறகுதான் கொப்பரை ஏற வேண்டும். வாடகை வீட்டுக்காரரிடம் போனில் பேசும்போது “அடுப்பு இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். “இரண்டு கண்ணுக்கும் நடுவில் எத்தனை அங்குலம்?” என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் திகைப்பார். பரவாயில்லை.

இரண்டாவது விஷயம் கொப்பரையின் குறை அல்ல, மலையின் குணம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். மதுரையில் நூறை ஒட்டிக் கொதிக்கிற தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துக் காட்டும். கண்ணுக்கு அதே கொதிதான், ஆனால் சூடு குறைவு. ஆவியும் அதே சூடுதான். மதுரையில் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் இட்லிக்கு அங்கே பதினைந்துக்கு மேல் விட வேண்டியிருந்தது. நேரத்தைப் பார்த்து இறக்கினால் நடுத்தட்டு இட்லி கொழகொழவென்று இருக்கும். ஈரவிரலால் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். இதே காரணத்தால் மலையில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கிறேன் என்று நிற்காதீர்கள். மதியம் ஆகிவிடும். பருப்புக்குக் குக்கர் கட்டாயம் வேண்டும்.

மாவு இன்னொரு கதை. மாவு புளித்துப் பொங்க 30 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பு வேண்டும். கொடைக்கானலில் மே மாதத்திலும் இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். அங்கே போய் ஆட்டி வைத்தால் காலையில் கல் மாதிரி அப்படியே கிடக்கும். ஆகையால் மதுரையில் முந்தின மாலையே ஆட்டினேன்: மூன்று கிலோ இட்லி அரிசி, முக்கால் கிலோ முழு உளுந்து, இரண்டு தேக்கரண்டி வெந்தயம். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் விடிவதற்குள் மாவு பொங்கி நின்றது. கரண்டியால் கலக்கி அடக்கி, இரண்டு பெரிய தூக்குவாளியில் பாதிப் பாதி ஊற்றி, மேலே பாதி இடத்தைக் காலியாகவே விட்டேன். “மதினி, பாதி வாளியைக் காலியாகவா தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?” என்று என் கொழுந்தன் சிரித்தார். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் அல்லவா? சீசன் நேரத்தில் சோதனைச் சாவடி வரிசையும் சின்னதாக இருப்பதில்லை. வத்தலக்குண்டு வெயில் வேனின் கூரையில் இறங்க இறங்க, அந்தக் காலி இடத்தை மாவு எழும்பி எழும்பி நிரப்பியது. வாளி மூடியைத் தொட இரண்டு விரற்கடை பாக்கி இருக்கும்போது மலை ஏறிவிட்டோம். குளிர் பட்டதும் மாவு அடங்கியது.

இதில்தான் மலை நமக்கு உதவுகிறது. மாவைப் பொங்கவிடாத அதே குளிர், பொங்கி வந்த மாவை மேலும் புளிக்கவும் விடாது. வீட்டின் பின்கட்டில், வெயில் படாத திண்ணையில் வாளியை வைத்தேன். கடைசிக் காலை வரை மாவு புளிப்பேறவில்லை. அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ பிள்ளைகளின் பால், தயிருக்கே போதாது. கீழே புளிக்கவைத்து மேலே பாதுகாப்பது என்ற இந்த ஏற்பாடு ஊட்டி போகிறவர்களுக்கும் பொருந்தும். குற்றாலத்துக்குப் பொருந்தாது, அங்கே சாரல் மட்டும்தான் குளிர்ச்சி, மாவு புளித்துவிடும்.

காலையில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, அடியில் தண்ணீர் ஊற்றி, தண்ணீரில் ஒரு கூழாங்கல்லையும் போடுவேன். கொதி வந்ததும் கல் கடகடவென்று ஆடத் தொடங்கும். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை தண்ணீர் இருக்கிறது. சத்தம் நின்றால் அடி காய்கிறது என்று அர்த்தம். என் மாமியார் செப்புக்காசு போடுவார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கல் பெரிய வேடிக்கை. “அத்தை, கல் பேசுகிறது” என்று நாத்தனாரின் பையன் வந்து சொன்னால் தட்டுகளை உள்ளே இறக்க வேண்டிய நேரம். தட்டுகளில் நல்லெண்ணெய் தடவுவது பெண்பிள்ளைகள் மூவரின் வேலை. குழிகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக வராமல் தட்டைச் சற்றுத் திருப்பி அடுக்க வேண்டும். தண்டில் இதற்கென்று வெட்டு இருப்பதால் தட்டு தானாகவே விலகி உட்காருகிறது, கைதேர்ந்த வேலை. ஏழரைக்குள் முதல் ஈடு இறங்கும். 48 இட்லியும் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில். ஒன்பது பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பெரியவர்களுக்கு நாலு, பிள்ளைகளுக்கு இரண்டு என்று வைத்தாலும் 74தான் வருகிறது. இரண்டு ஈட்டில் 96. மீதியில் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் புரட்டிப் பொதிந்துகொண்டால், தூண் பாறைப் பக்கம் பதினொரு மணிக்குப் பசிக்கிற பிள்ளைகளுக்கு ஆயிற்று. எட்டரைக்கெல்லாம் பாத்திரம் கழுவி வேனில் ஏறிவிட்டோம். சீசன் கூட்டம் வந்து சேருவதற்கு முன்னால் கோக்கர்ஸ் வாக்கில் பிள்ளைகளை ஓடவிட முடிந்ததற்குக் காரணம் இந்தப் பாத்திரம்தான்.

தோசையில் இந்தக் கணக்கு வராது. 23 பேருக்குத் தோசை ஊற்றுகிறவள் பத்தரை மணிவரை கல்லைவிட்டு நகர முடியாது. முதலில் சாப்பிட்ட பிள்ளை மறுபடி பசியோடு வந்து நிற்கும். பூரியும் அப்படியே, கூடவே எண்ணெய்ச் சட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிற பயம் வேறு. ஓட்டலுக்குப் போகலாமே என்பார்கள். சீசனில் 23 பேருக்கு ஒன்றாக இடம் கிடைத்து, ஆர்டர் சொல்லி, வந்து, ‘எனக்கு இது வேண்டாம், அவன் தட்டில் இருப்பதுதான் வேண்டும்’ என்ற வழக்கெல்லாம் தீர்த்து எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம். ரொட்டியும் ஜாமும் சுலபம்தான், ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் அதைப் பலகாரமாகவே ஒத்துக்கொள்வதில்லை, ஒன்பது மணிக்கு “டிபன் எப்போது?” என்று கேட்பார்கள். வெண்பொங்கல் ஒன்றுதான் இட்லிக்குப் போட்டி. ஒரே குக்கரில் முடிகிறது, மலைக்குளிருக்கும் இதம். ஆனால் நெய்ப்பொங்கல் சாப்பிட்ட பெரியவர்களை அதன்பிறகு வேனில் ஏற்றுவது பெரும்பாடு. எனவே மலை இறங்குகிற நாளுக்கு வேண்டாம், எங்கும் போகாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு என்ன என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகளில் ஒன்றுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகவே கடலைச் சட்னி என்ற பேச்சே கிடையாது. பொரிகடலையும் தேங்காயும் வைத்து ஒரே சட்னி, எல்லோருக்கும் அதே சட்னி. ஒருத்திக்கு மட்டும் தனிக்கிண்ணம் என்று பிரித்தால் பந்தியில் கிண்ணம் மாறிப்போகும். இட்லிப்பொடி ஊரிலிருந்தே இரண்டு ரகம்: பெரியவர்களுக்குக் காரமாக, பிள்ளைகளுக்கு எள்ளும் உளுந்தும் கூட்டி மிளகாய் குறைத்து. சாம்பார்த்தூளைத் துணி முடிச்சாக. மலைப்பூண்டை மட்டும் அங்கேயே வாங்கிக்கொண்டேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. ஊர்ப்பூண்டு போடுகிற அளவில் பாதி போட்டாலே சட்னி மணக்கும். சின்னவன் எதையும் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பினால் நாட்டுச்சர்க்கரையும் நெய்யும். இட்லியைப் பிட்டு அதில் தோய்த்துக் கொடுத்தால் வாய் திறந்துவிடும். மலைப்பாதைக் கடைகளில் தொங்குகிற மலை வாழைப்பழம் ஒரு தார் வாங்கித் திண்ணையில் மாட்டிவிட்டால், எழுந்ததும் பசிக்கிற பிள்ளைகள் அடுப்படிக்குள் வந்து காலைச் சுற்றாது.

ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. மலையில் சோதனை இன்னும் கடுமை. பாக்குமட்டைத் தட்டும் வாழையிலைக் கட்டும் கொண்டுபோனோம். கழுவ வேண்டியது கொப்பரையும் தட்டும் டம்ளர்களும்தான் என்பது என் ஓரகத்திக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்துப்போன அம்சம்.

கொப்பரையோடு ஓட்டை போட்ட வெறும் தட்டும் ஒன்று கொடுக்கிறார்கள், துணி விரித்து ஊற்றுவதற்கு. துணி இட்லியின் மென்மை குழித்தட்டு எண்ணெய் இட்லிக்குக் கிடையாது. வீட்டில் நான் துணிதான். ஆனால் கொடைக்கானல் மூடுபனியில் துவைத்துக் காயப்போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும், வாடை வந்துவிடும். மலையில் துணியை மறந்துவிடுங்கள். அந்த ஓட்டைத் தட்டுக்கு வேறு உபயோகம் இருக்கிறது. அங்கே வாங்கிய இளங்கேரட்டையும் மக்காச்சோளத்தையும் அதில் பரப்பி, இட்லி இறங்கியதும் மிஞ்சியிருக்கும் ஆவியில் வைத்துவிட்டால் அடுத்த தீனி தயார். நேந்திரம்பழத்தைத் தோலோடு இரண்டாக நறுக்கி வைத்ததும் நன்றாக வெந்தது. இட்லிக்கு அடியில் கொதிக்கிற தண்ணீரிலேயே முட்டையையும் போட்டு அவித்துவிடலாமே என்று கொழுந்தன் ஒரு யோசனை சொன்னார். சைவக்காரச் சம்பந்தியையும் உடன் அழைத்துக்கொண்டு போயிருக்கிறோம் என்பதை நினைவுபடுத்தினேன்.

பெரிய குறை ஒன்று பாக்கி: கைப்பிடி. இரண்டு பக்கக் காதும் வெறும் அலுமினியம், மேலே பேக்கலைட்டும் இல்லை, மரமும் இல்லை. ஆவி ஏறியபின் துணியில்லாமல் தொட முடியாது. துணி வைத்துப் பிடித்தாலும் காது குட்டையாக இருப்பதால் விரல் உடம்பில் இடிக்கிறது. தண்ணீரும் தட்டும் சேர்ந்தால் பத்து கிலோவுக்கு மேல். இதை அடுப்பிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறந்து, தண்டைப் பிடித்துத் தட்டுகளை மட்டும் மேலே தூக்குங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் அடுப்படிக்குள் இருக்கக்கூடாது என்பதற்கு ஒரு பெரியவரை வாசலில் நிறுத்திவிடுவேன். இந்த விலைக்கு நல்ல காது வைத்துக் கொடுத்திருக்கலாம். இதற்காக ஐந்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்கிறேன். அடுப்பை அடைத்துக்கொள்வதற்கு அரை மதிப்பெண். மூன்றரை.

யார் வாங்கலாம்? 15 பேருக்கு மேல் சேர்ந்து வருடம் ஒருமுறையாவது வெளியூர் தங்குகிறவர்கள், வீட்டில் விசேஷம் என்றால் உறவு முழுக்க வந்து தங்குகிறவர்கள். எட்டுப் பேர் பத்துப் பேர் என்றால் வேண்டாம். இதில் பாதி அளவில் மூன்று தட்டுக் கொப்பரை கிடைக்கிறது, பக்கத்துக் கண்ணில் சாம்பாரும் கொதிக்கும். வாங்குகிறவர்கள் பரண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அலமாரிக்குள் இது நுழையாது. என்னுடையது இப்போது பரணிலும் இல்லை. குற்றால சீசனுக்கு என்று ஓரகத்தி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். காதுக்கு மரப்பிடி போட்டுத் திருப்பித் தருவதாகப் பேச்சு.